சங்கம் அமைத்தால் வேலை போய்விடுமா?

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 220 பேர். சங்கம் அமைக்கப் பேச ஆரம்பித்ததும் ஹெச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அதான் ஒர்க்ஸ் கமிட்டி இருக்கே, சங்கம் எதுக்கு?" என்கிறார். இரண்டு பேரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எங்களை வேலையை விட்டு எடுக்க முடியுமா? சம்பள உயர்வு பற்றி எங்களோடு பேசித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்த வெற்றுத்தாள். அது நாளைக்கே ராஜினாமாக் கடிதமாகிவிடலாம். அப்படி ஆன தாள்களை நான் வழக்குகளில் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் அறையில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அந்த இருவரும் இன்றே எழுதி, நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பட்டும். ரசீது பத்திரம்.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் அடிப்படை உரிமை. சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் வேலைநீக்கம் செய்வதும் சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. இதை மீறி வேலைநீக்கம் செய்தால் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீராவிட்டால் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஒர்க்ஸ் கமிட்டி என்பது நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு. கேன்டீன், குடிநீர், அன்றாட உரசல்கள் போன்றவற்றைப் பேசித் தீர்க்கத்தான் அது. சங்கத்தின் இடத்தில் நின்று சம்பளம் பேச அதற்கு அதிகாரமில்லை என்று 1960-இலேயே நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருப்பது தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. அதன்படி மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 22 பேர் போதும். ஆனால் 22-உடன் நின்றுவிடாதீர்கள். பதிவு வேறு, பேச்சுவார்த்தை உரிமை வேறு. பேச்சுவார்த்தை அடிப்படை உரிமை அல்ல. அது எண்ணிக்கையால் கிடைப்பது. ஆலையில் ஒரே சங்கம் என்றால், விதிகளில் உள்ள தகுதிகளுக்கு உட்பட்டு, நிர்வாகம் அதை அங்கீகரிக்க வேண்டும். இரண்டாவது சங்கம் முளைத்துவிட்டால் 51 சதவீதம் காட்ட வேண்டும். உங்கள் கணக்கில் 113 பேர். யாருக்குமே 51 இல்லையென்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழுதான். சில நிர்வாகங்கள் தானே ஒரு சங்கத்தை ஆரம்பித்து வைப்பது இதற்காகத்தான். அதுவும் சட்டவிரோதமே, ஆனால் நிரூபிப்பதற்குள் பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆள் வைத்து, சந்தா ரசீது போட்டு, முதலிலேயே 113-ஐத் தாண்டிவிடுங்கள். உறுப்பினர் படிவத்தில் பெயரும் டோக்கன் நம்பரும் சம்பளச் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

பதிவு தாமதமானால் மனம் தளராதீர்கள். பக்கத்திலேயே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஜனவரியில்தான் அவர்கள் சங்கம் பதிவானது.

கோரிக்கைப் பட்டியல் கொடுத்தபின் சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தம் போடப் பாருங்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துப் பழைய ஆட்கள் '12(3)' என்பார்களே, அந்த வகை. அது சங்கத்தில் சேராதவரையும் கட்டுப்படுத்தும்; நிர்வாகத்தோடு நேரடியாகப் போடுவது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே.

கோபத்தில் திடீரென்று மெஷினை நிறுத்திவிடாதீர்கள். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் சட்டம் அதை வேலைநிறுத்தமாகத்தான் கணக்கில் எடுக்கும்.