இரைச்சலுக்குள் ஒரு கோடி

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். என் அப்பத்தாவுக்கு 84 வயது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. விழித்திரை கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக வராந்தாவில் சின்னப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்கிறார். பட்டு உடுத்தி, தலையில் ஜரிகைக் கிரீடம் வைத்து. பேசுவதில்லை, சும்மா நிற்கிறார்களாம். "நெசமில்லேன்னு தெரியுதுடா, ஆனா நிக்கிதுக" என்கிறார். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா அவை 'நாட்' என்று பர்மியர்கள் கும்பிடும் தேவதைகள் என்கிறார். என் சித்தி முனீஸ்வரருக்குக் கிடா நேர்ந்துவிட்டார். இது மனநோயா?

மூளை இல்லாததை நிரப்பிக்கொள்ளும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நாம் பார்ப்பதெல்லாமே மாயைதானே? இன்னொன்று. என் மகளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் ரத்தத்தில் இருக்கிறதல்லவா, காதில் விழுந்துகொண்டிருந்தால் மிச்சத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும் என்று மனைவியைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். சரிதானே?

க., மோல்மேன்

அன்புள்ள க.,

அப்பத்தாவுக்கு மனநோய் இல்லை. இதை முதலில் சித்தியிடம் சொல்லுங்கள், கிடா பிழைக்கட்டும்.

ஜெனீவாவில் ஷார்ல் பொனே என்றொரு இயற்கை ஆய்வாளர் இருந்தார். கண்புரையால் பார்வை மங்கிப்போன தன் தாத்தா, இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் பார்ப்பதை அவர் 1760-இல் எழுதிவைத்தார். தாத்தாவுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. அந்த நிலைக்கு இன்று பொனேயின் பெயர்தான். கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்துவிட்டால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகவே படம் போட ஆரம்பிக்கிறது. படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. சின்ன உருவங்கள், ஆடம்பர உடை, தொப்பி எல்லாம் இதில் அடிக்கடி வரும். அப்பத்தா பார்ப்பது ஷின்பியூ, அதாவது பௌத்தப் பையன்கள் துறவு ஏற்கும் சடங்கு, அந்த ஊர்வலத்துப் பையன்களாக இருக்கலாம், ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். இப்படித் தெரியும் முகங்கள் பெரும்பாலும் முன்பின் பார்த்திராத முகங்களே. வராந்தாவில் நல்ல வெளிச்சம் போடுங்கள். உருவம் தெரியும்போது கண்ணைச் சிமிட்டி, பார்வையை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள், பலருக்குக் கலைந்துவிடும். கண் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் பையன்கள் பேசத் தொடங்கினாலோ, நிஜம் என்று அப்பத்தா நம்பத் தொடங்கினாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் அவரை "என்ன உளறுறீங்க" என்று கேட்கக் கூடாது. "நெசமில்லேன்னு தெரியுது" என்று சொல்லும் கிழவியைவிட உங்கள் வீட்டில் தெளிவானவர் யார்?

மாயைக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மாயை என்று எழுதிவிட்டு ரோட்டில் லாரி வந்தால் நீங்களும் ஒதுங்கத்தானே செய்கிறீர்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதை நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லை, ஆமோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மூளை நிரப்பும் என்று நான் எழுதியதை வைத்தே மகளின் தமிழைக் கைகழுவியிருக்கிறீர்கள். எதை எடுத்து நிரப்பும், தம்பி?

1964 டிசம்பர். எனக்குப் பத்து வயது, பர்மாவில் பெகு என்ற ஊரில் இருந்தோம். அப்பாவின் ஜவுளிக்கடையை அரசு எடுத்துக்கொண்ட வருஷம் அது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ராத்திரியானால் அப்பாவும் எதிர்வீட்டு மரைக்காயர் மாமாவும் எங்கள் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, சிற்றலையில் தமிழ்ச் செய்தி தேடுவார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் வாணலியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு சத்தம்தான். அப்பா ஆனால் வரி வரியாகத் திருப்பிச் சொல்வார். வெகுநாள் அவர் கதை கட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கும் பொரிந்துகொண்டிருந்தது. புயல் என்று ஒரு சொல், கடல் என்று ஒரு சொல், நடுவில் கரகரப்பில் பாதி மூழ்கிய இன்னொரு சொல். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "தனுஷ்கோடி போச்சு" என்றார். அவருடைய அக்கா ராமேஸ்வரத்தில் இருந்தார். மரைக்காயர் மாமா தலையில் கைவைத்து, "இல்ல, கோடியக்கரைன்னான்" என்றார். அவருக்குத் தோப்புத்துறை, கோடியக்கரைக்குப் பக்கம். இரண்டு பேரும் காதால் கேட்டதாகச் சத்தியம் பண்ணினார்கள். எனக்கும் கேட்டது. கோடி ரூபாய்! பறிபோன பணத்தைத் திருப்பித் தருகிறார்கள் என்று அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பா பின்னாலேயே வந்து ஓர் அறை வைத்தார். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அது ஒருமுறைதான்.

டிசம்பர் 22 இரவில் அலையில் போனது தனுஷ்கோடிதான், ரயிலோடு. தை கடைசியில் கடிதம் வந்தது. அத்தை இருந்தார், மாமா இல்லை. தோப்புத்துறையில் எல்லோரும் நலம் என்று மரைக்காயர் மாமாவுக்கும் கடிதம் வந்தது. ஆனாலும் சாகும்வரை அவர், "ரேடியோக்காரன் கோடியக்கரைன்னுதான் சொன்னான், அவன்தான் தப்பாப் படிச்சான்" என்பார்.

ஆறு வருஷம் கழித்து, 1970-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் வாரன் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவே ஸகர ஒலியை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர் வேறு ஒலியைக் காட்டினார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெட்டிய இடத்தை வெறும் மௌனமாக விட்டபோதோ ஓட்டை தெரிந்துவிட்டது. இதைப் படித்தபோது எங்கள் ரேடியோவைத்தான் நினைத்துக்கொண்டேன். சிற்றலையில் இரண்டு தொல்லை உண்டு. சில சமயம் இரைச்சல் எழும்பிக் குரலை மூடும். சில சமயம் குரலும் இரைச்சலும் சேர்ந்தே அமுங்கிப்போகும். அமுங்கினால் அப்பா "போயிருச்சு" என்று ரேடியோவைத் தட்டுவார். இரைச்சல் மூடும்போது அவர் எதுவும் போனதாகச் சொன்னதே இல்லை.

வாரன் இன்னொன்றும் செய்தார். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் மறைத்துவிட்டு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசிச் சொல்லுக்குத் தக்கபடி முன்னால் மறைந்த ஒலி வெவ்வேறாகக் கேட்டது. நம் மொழியில் யோசித்துப் பாருங்கள், வினை கடைசியில் வரும் மொழி. முதல் எழுத்து இருமலில் போய் '–ரம்' மட்டும் காதில் விழுகிறது. 'வெட்டினான்' என்று முடிந்தால் மரம். 'கேட்டான்' என்றால் வரம். 'தொடுத்தாள்' என்றால் சரம். பின்னால் வந்த சொல்லை வைத்து முன்னால் போனதைப் பூசிவிட்டு, முதலிலேயே அப்படித்தான் கேட்டது என்று மூளை நம்மிடம் சாதிக்கிறது. ஆனால் மரமும் வரமும் சரமும் தெரியாத பெண்ணுக்கு? 'வெட்டினான்' என்பதே அரைகுறையாகப் புரிகிற பெண்ணுக்கு? அவளுக்கு அது இருமல்தான். ரத்தத்தில் இருக்கிறது என்கிறீர்கள். ரத்தத்தில் சிவப்பணு இருக்கும், சர்க்கரை இருக்கும், நம் வீடுகளில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். சொல் இருக்காது. நானும் பர்மாவில் பிறந்தவன், எனக்கும் அதே ரத்தம்தான். கடல் பார்க்காத பையன் எனக்குக் கோடியக்கரையும் கேட்கவில்லை, தனுஷ்கோடியும் கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரவும் பகலும் பேசிய பணம்தான் கேட்டது.

மறு வருஷமே தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது, எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடமும் போயிற்று. என் தலைமுறைக்கு அது வெளியிலிருந்து வந்த அடி. கோயில் திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தோம். உங்களை யார் தடுத்தது? ஞாயிறு வகுப்புக்கு அனுப்ப நேரமில்லை என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அறிவியலைத் துணைக்கு அழைக்கிறீர்களே!

போன மாதம் என் பேரனோடு நடந்ததையும் சொல்கிறேன். யாங்கோனிலிருந்து போனில் பேசுகிறான், லைன் விட்டு விட்டு வருகிறது. நான் தமிழில் கேட்டால், "தாத்தா, கட்டாகுது, ஒண்ணும் கேக்கல" என்கிறான். அதே போனை வாங்கி, அதே லைனில், என் மருமகள் பர்மிய மொழியில் பேசினாள். ஒரு சொல் விடாமல் பதில் சொன்னான். லைன் சரியாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேனே, லைன் துளியும் சரியாகவில்லை. இரண்டாவதாகப் படித்த மொழி இரைச்சலில்தான் முதலில் கைவிடும், அமைதியான அறையில் சரளமாகப் பேசுகிறவனையும் விடாது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. என் வீட்டிலும் கண்டேன். ஆகவே உங்களைத் திட்டும்போது பாதி என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அப்பத்தா பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பையன்கள் எத்தனை பேர், கிரீடத்தில் என்ன தொங்குகிறது, காலில் செருப்பு இருக்கிறதா என்று அவளே கேட்கட்டும், தமிழில். அப்பத்தாவும் பேத்திக்கு லேசாக இருக்கட்டும் என்று பர்மிய மொழிக்கு மாறினால் எனக்கு எழுதுங்கள். பஸ் ஏறி வந்து அவரையும் திட்டிவிட்டுப் போகிறேன்.