பச்சைப் புள்ளி போட்ட குழம்பில் கருவாட்டு வாடை

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பிறந்தநாள், பரீட்சை ரிசல்ட் என்று எதையாவது சொல்லி, பிள்ளைகள் இருவரும் தாய், இத்தாலியன், அரபு ஓட்டல் என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். என் அத்தைக்கு 76 வயது. முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். அவர்களைத் தனியாக வீட்டில் விட்டுப்போக மனசு வரவில்லை. போன மாதம் மெனுவில் பச்சைப் புள்ளி போட்டிருந்த தாய் குழம்பை ஒரு வாய் வைத்ததும், "கருவாட்டு வாடை அடிக்குதே" என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். பரிமாறிய பையனோ சைவம்தான் என்று சாதித்தான். யார் சொன்னது சரி? அவர்களுக்கு எதை வாங்கித் தரலாம்? அந்த ஓட்டல்களில் கடைசியில் தரும் இனிப்பு மாதிரி ஒன்றை, ஓவன் இல்லாமல், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்படி வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் அத்தை மூக்கு பொய் சொல்லியிருக்காது. அதற்காகப் பையன் வேண்டுமென்றே ஏமாற்றினான் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஓட்டல் சமையலறையில் பல வருஷம் நின்றவன் என்பதால் இது எப்படி நடக்கும் என்று தெரியும்.

தாய்லாந்துப் பச்சைக் குழம்புக்குப் பச்சைமிளகாய், எலுமிச்சம்புல், பேரரத்தை, பூண்டு எல்லாம் சேர்த்து இடித்த விழுது வேண்டும். பெரும்பாலான சமையலறைகளில் அது டப்பாவில்தான் வருகிறது. அந்த விழுதிலேயே பெரும்பாலும் 'கப்பி' சேர்ந்திருக்கும். உப்புப் போட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த கூனிறால் விழுதுதான் கப்பி. குழம்பு கொதிக்கும்போது உப்புக்குப் பதில் மீன் சாஸும் ஒரு கரண்டி விழும். மேலே போடுவது கத்திரிக்காயும் பீன்ஸும் என்றால் சமையல்காரர் கணக்கில் அது வெஜ், கோழி போட்டால் நான்வெஜ். சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறதா என்று நாம் யோசிக்காத மாதிரி, அவர் விழுதை யோசிப்பதில்லை.

அதனால் இனிமேல் "இது சைவமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லா ஓட்டலிலும் "ஆமாம் மேடம்" என்பதுதான் பதில். மூன்று விஷயத்தை மட்டும் கேளுங்கள்: எந்தத் தண்ணீரில் வேகிறது, உப்பும் ருசியும் எந்த பாட்டிலில் இருந்து வருகிறது, இனிப்பு என்றால் எது அதை உறைய வைக்கிறது. பையனுக்குத் தெரியாவிட்டால் உள்ளே கேட்டுவரச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் பாட்டிலையே காட்டச் சொல்வதில் தப்பில்லை. மெனு அட்டையில் இருக்கும் பச்சைப் புள்ளி ஓட்டல்காரர் அச்சடித்தது. பாட்டிலில் இருப்பது தயாரித்தவர் சட்டப்படி போட்டாக வேண்டியது. சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். நம் நாட்டுச் சட்டத்தில் முட்டையும் முக்கோணத்தில்தான் வரும். இதையெல்லாம் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நின்று கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் போட்டு, சமையல்காரரிடமே பேசிவிடுங்கள். அந்த நேரம் அடுப்படி ஓய்வாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சீன ஓட்டல் ஸ்வீட்கார்ன் சூப்பு வெள்ளந்தியாகத்தான் தெரியும். பல கடைகளில் அதற்குக் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றியிருப்பார்கள், இறக்கும் நேரத்தில் முட்டையையும் இழைத்து விட்டிருப்பார்கள். இத்தாலிக்காரர்களின் ரிசோட்டோவும் அப்படித்தான். அரிசியைக் குழைய வேகவிட்டுச் சீஸ் சேர்ப்பது, பல் இல்லாதவர்களுக்கு அருமையான சாப்பாடு. ஆனால் வழக்கமாக அது கோழி ஸ்டாக்கில் வேகும். காய்கறி ஸ்டாக்கிலோ வெறும் வெந்நீரிலோ செய்யச் சொன்னால் செய்து தருவார்கள். பாஸ்தா கேட்டால் "நல்லா வேகவிட்டு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் விறைப்பாக இருப்பதுதான் இத்தாலியப் பக்குவம். பிள்ளைகளுக்கு ஆச்சியான உங்கள் அத்தை அதை அரைவேக்காடு என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

சீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அசல் இத்தாலியப் பார்மிசான், கன்றுக்குட்டி இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைத்தது. நம் நாட்டில் தயாராகிப் பச்சை வட்டத்தோடு வரும் சீஸ் அப்படியில்லை, பயப்பட வேண்டாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி இனத்து மீன் உண்டு. கொரியாக்காரர்களின் காய்கறி ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். ஜப்பானிய மிசோ சூப்பின் தண்ணீரே காய்ந்த சூரை மீன் சீவலில் இறக்கியது. இந்த இரண்டு நாட்டு ஓட்டலுக்குப் பிள்ளைகள் கூப்பிட்டால், அன்றைக்கு ஆச்சிக்கு ஏகாதசி என்று வைத்துக்கொள்வதே எளிது.

என்னைக் கேட்டால் அவர்களை அரபு ஓட்டலுக்குக் கூட்டிப் போங்கள். சிரிக்காதீர்கள். வாசலில் ஷவர்மாக் கம்பி சுற்றுவதைப் பார்த்ததும் சைவர்கள் ஒதுங்கிவிடுகிறோம். உள்ளே இருப்பதில் பாதி நம் ஆட்கள் சாப்பிடக்கூடியது. ஹம்மூஸ் என்பது வெந்த கொண்டைக்கடலையும் எள்ளு விழுதும் எலுமிச்சையும் பூண்டும் சேர்த்து வெண்ணெயாக அரைத்தது, மேலே ஆலிவ் எண்ணெய். முத்தபல் சுட்ட கத்திரிக்காய்க் கொத்சுக்குத் தம்பி. ஃபலாஃபல் கொண்டைக்கடலை வடை, அது மட்டும் தனி எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூடான குபூஸ் ரொட்டியைப் பிட்டு ஹம்மூஸில் தோய்த்து ஆச்சி கையில் கொடுங்கள், பிறகு உங்களுக்கே மிச்சம் இருக்காது. கூட வரும் வெள்ளைப் பூண்டுச் சாந்தில்தான் கவனம். அசலில் அது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு அவ்வளவுதான். பல கடைகளில் மயோனைஸைக் கலந்துவிடுகிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது, கிருமி பயத்தால். அது சைவ அசைவக் கணக்கையும் தாண்டியது, பிள்ளைகள் தட்டிலும் ஒரு கண் வையுங்கள்.

தாய் குழம்புதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வீட்டிலேயே செய்யலாம். மறுவீட்டுக்குச் சொதி வைத்த கைக்கு இது புதுசே இல்லை. அதே தேங்காய்ப்பால், அதே பச்சைமிளகாய், இஞ்சி. பாசிப்பருப்பை விட்டுவிட்டு எலுமிச்சம்புல் இரண்டு தண்டை நசுக்கிப் போட்டு, நாரத்தை இலைக் கொழுந்து நாலு கிள்ளி, கடைசியில் துளசி தூவினால் பிள்ளைகள் 'வாவ்' என்பார்கள். ஆச்சி சொதி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸை மறக்க வேண்டாம்.

இனி இனிப்பு. இத்தாலிய ஓட்டலில் தரும் பால் இனிப்பான பன்னகோட்டாவை உறைய வைப்பது ஜெலட்டின், மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பில் இருந்து எடுப்பது. காபி, சீஸ் அடுக்கிய திராமிசுவில் முட்டையும் பெரும்பாலும் மதுவும் உண்டு. வீட்டில் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போதும், மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் இந்த வகைதான்.

5 கிராம் சைனா கிராஸைக் கத்தரித்து, 200 மில்லி தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவிட்டு, சிறுதீயில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் நாக்கில் நூல் தட்டும். இன்னொரு அடுப்பில் 250 மில்லி பால், 250 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஆவி பறக்கும் சூடு போதும், கொதிக்க விட்டால் தேங்காய்ப்பால் பிரியும். இரண்டும் சூடாக இருக்கும்போதே ஒன்றாக வடிகட்டிக் கலக்க வேண்டும். முதல் தடவை நான் குளிர்ந்த பாலில் ஊற்றினேன். கண் முன்னாலேயே கட்டி கட்டியாகத் திரண்டு சாக்கடைக்குப் போனது. கிண்ணங்களில் ஊற்றி வைத்தால் வெளியிலேயே முக்கால் மணி நேரத்தில் உறையும், பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம்.

மேலே ஊற்றக் கருப்பட்டிப் பாகு. உடன்குடிக் கருப்பட்டி 100 கிராமைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சுங்கள். ஒரு துளி சுக்குப்பொடி. பாகைப் பாலிலேயே கலந்துவிடலாமே என்று தோன்றும். சூட்டில் பால் திரியக்கூடும், அதனால்தான் மேலே ஊற்றச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு மட்டும் முட்டை சேர்த்து ஏதாவது வேண்டுமென்றால், காயல்பட்டினத்து வட்டிலப்பம் இருக்கிறது. கேரமல் கஸ்டர்டுக்கு நெருங்கிய சொந்தம், 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை நெல்லை மாவட்டத்துப் பலகாரம். நாலு முட்டை, 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், ஆறவைத்த கருப்பட்டிப் பாகு, ஏலக்காய். நுரை வராமல் கலக்கி வடிகட்டி, இட்லிப் பானையில் சிறுதீயில் அரை மணி நேரம். மூடியின் ஆவித்தண்ணீர் சொட்டாமல் கிண்ணத்தைத் தட்டால் மூடிவிடுங்கள். அதற்கு ஒரு பானையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், மறுநாள் காலை அதே பானையில் ஆச்சிக்கு இட்லி ஊற்ற வேண்டாம்.