மெமரி இருந்தும் இல்லை என்கிறதே!

கேள்வி: என் பழைய 386 கணினியில் (இன்டெல் 386 சிப் போட்டது) 4 எம்பி மெமரி இருக்கிறது. டாஸில் (கட்டளைகளை அடித்து இயக்கும் பழைய இயங்குதளம்) ஒரு விளையாட்டைத் திறந்தால் 'மெமரி போதவில்லை' என்கிறது. இன்னும் 4 எம்பி வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: அநேகமாக ஆகாது, காசுதான் போகும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு 1 எம்பிக்கு மேல் கண் தெரியாது. அதிலும் மேல்பகுதி 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் (கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்) ஒதுக்கிவிட்டு மீதி 640 கேபியை டாஸுக்கு விட்டார்கள். உங்கள் 386-இலும் டாஸுக்கு அதே எல்லைதான். அந்த 640-க்குள் எவ்வளவு காலி என்பதுதான் பெரும்பாலான டாஸ் விளையாட்டுகளுக்கு முதல் கணக்கு. 'மெம் /சி' என்று அடித்துப் பாருங்கள், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், டாஸ் எல்லாம் அங்கேயே பாய் விரித்துப் படுத்திருக்கும்.

அவற்றை மாடிக்கு, அதாவது 640-க்கு மேலே உள்ள பகுதிக்கு, ஏற்ற வேண்டும். எம்எஸ்-டாஸ் 5 அல்லது 6 என்றால் தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் மெமரியை நிர்வகிக்கும் இரண்டு டிரைவர்களைப் போடுங்கள்: முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து இஎம்எம்386.எக்ஸ்இ, அப்புறம் 'டாஸ்=ஹை,யுஎம்பி'. ஹைமெம் முன்னால் வராவிட்டால் இஎம்எம்386 ஏறவே ஏறாது. பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில்: இஎம்எம்386 வரியின் கடைசியில் 'நோஇஎம்எஸ்' அல்லது 'ராம்' என்று போடாவிட்டால் மாடியில் டிரைவர்களுக்கு இடமே கிடைக்காது. விளையாட்டு இஎம்எஸ் என்னும் கூடுதல் மெமரி முறையைக் கேட்டால் 'ராம்', கேட்காவிட்டால் 'நோஇஎம்எஸ்', இதில் 64 கேபி கூடுதலாக மிஞ்சும். பிறகு டிரைவர் வரிகளில் 'டிவைஸ்' என்பதை 'டிவைஸ்ஹை' ஆக்குங்கள், ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் மவுஸ் வரிக்கு முன் 'எல்ஹெச்' சேருங்கள். டாஸ் 6-இல் மெம்மேக்கர் இதைத் தானே செய்யும், எனக்கென்னவோ கையால் செய்தால்தான் திருப்தி. எதற்கும் இரண்டு கோப்பையும் ஒரு ஃபிளாப்பியில் நகலெடுத்து வையுங்கள். டாஸ் 6-இல் ஏதாவது சொதப்பினால், கணினி தொடங்கும்போது எஃப்5 அழுத்தி அவற்றைத் தாண்டிவிடலாம்.

கேள்வி: 8088 போட்ட ஐபிஎம் பிசி எக்ஸ்டியிலும் இதே வழிதானா?

பதில்: இல்லை. ஹைமெமுக்குக் குறைந்தது 286, இஎம்எம்386-க்கு 386 வேண்டும். எக்ஸ்டிக்கு இஎம்எஸ் கார்டுதான் வழி. லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து வகுத்த முறை அது. மேல்பகுதியில் 64 கேபிக்கு ஒரு ஜன்னல் திறந்து, கார்டில் உள்ள மெமரியை 16 கேபி துண்டுகளாக அதில் மாற்றி மாற்றிக் காட்டும். ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருளுக்குத்தான் பலன். உங்களுடையது சிஜிஏ (ஐபிஎம்மின் பழைய வண்ணத் திரை முறை) திரை என்றால் இன்னொரு குறுக்குவழி உண்டு: அதன் திரை மெமரி 736 கேபியில்தான் தொடங்குகிறது, ஆகவே அதற்கு ஏற்ற கார்டு கிடைத்தால் 640-ஐயே 736 வரை நீட்டலாம். அதற்குப் பின் வந்த விஜிஏ திரை முறைக்கு மாறினால் அந்த இடம் பறிபோகும்.