சவுக்குச் சருகை விற்கலாமா?

கேள்வி: புதுச்சத்திரம் பக்கம் கடலோர மணலில் 2 ஏக்கர் சவுக்கு இருக்கிறது. நாலு வருஷ மரம், தையில் வெட்டப் போகிறோம். கணுக்கால் புதையக் கிடக்கும் சருகை அடுப்புக்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அடுத்து மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் யூரியா வேண்டுமா?

பதில்: கழியை விற்றுக்கொள்ளுங்கள், சருகைக் கொடுக்காதீர்கள். கழியில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. தோப்பு சேர்த்ததில் நிலத்துக்கு மிஞ்சுவது சருகிலும் மட்கிலும் வேரிலும்தான்.

அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒரு மரத்தடியில் அரை அடி தோண்டுங்கள். வேரில் பழுப்பாக, இஞ்சிக் கிழங்கு போலக் கிளை பிரிந்த முடிச்சுகள் தென்படும். அதற்குள் இருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. (மல்லாட்டை முடிச்சில் இருப்பது ரைசோபியம், அது வேறு இனம்.) மரம் அதை ஊசி போன்ற தழைக்கு அனுப்பும். உதிர்வதற்கு முன் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மீதி சருகோடு விழும். சவுக்குச் சருகு சீக்கிரம் மட்காது. உங்கள் மணலுக்கு அதுவே நல்லது. களிமண் இல்லாத நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை, தண்ணீரில் கரையும் தழைச்சத்தான நைட்ரேட்டை அப்படியே கீழே இறக்கிவிடும். பிடித்து வைப்பது மட்கு மட்டும்தான்.

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். பீச், மேப்பிள், பிர்ச் மரங்கள் நின்ற ஒரு சரிவை 1965-இல் முழுக்க வெட்டி, எதுவும் முளைக்காதபடி களைக்கொல்லி அடித்தார்கள். ஓடைத் தண்ணீரில் நைட்ரேட் 40 மடங்குக்கு மேல் ஏறியது. யாரும் உரம் போடவில்லை. மண் சேர்த்து வைத்திருந்ததுதான், உறிஞ்ச வேர் இல்லாமல் ஓடிப்போனது. அதனால் வெட்டிய நிலத்தை அடுத்த மழைக்காலத்தில் வெறுமனே போடாதீர்கள்.

சருகைக் கொளுத்தவும் வேண்டாம். சாம்பலில் சாம்பல்சத்து இருக்கும், தழைச்சத்து புகையோடு போய்விடும். மட்க வைக்காமல் அப்படியே உழுது மடக்கினாலும் சிக்கல்தான்: அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் சில மாதம் பிடித்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். குழியில் போட்டு, சாணிக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் வைத்திருங்கள். ஆடிக்குள் பாதியாவது மட்கிவிடும்.

யூரியா விஷயம். மல்லாட்டை விதையில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தால், அடியுரமாகக் கொஞ்சம் போதும், அதையும் மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். மறுபடி சவுக்கே வைப்பதென்றால் யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து சும்மா கிடைத்தால் மரம் முடிச்சு வைக்காது. அதற்குத் தேவை மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட். அப்புறம், தூர் தோண்டும்போது நல்ல முடிச்சுகளைப் பறித்துக் கழுவி, அன்றைக்கே நசுக்கி நாற்றங்கால் மண்ணில் கலந்துவிடுங்கள், புது நாற்றுக்கும் ஃபிராங்கியா ஒட்டும்.