மயக்க மருந்து: கேள்வி பதில்

கேள்வி: புரொபோஃபால் ஊசி போட்டால் பத்து எண்ணுவதற்குள் தூங்கிவிடுகிறோமே, எப்படி?

பதில்: பால் போல வெள்ளையாக இருக்குமே, அந்த ஊசிதான். மருந்து தண்ணீரில் கரையாது. சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை லெசித்தின் சேர்த்துப் பால்மமாக்கியிருக்கிறார்கள். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சட்டென்று புகுந்துவிடும். அங்கே நரம்புகளை அடக்கிவைக்கும் 'காபா' என்ற மூளை ரசாயனத்துக்குத் துணை சேரும். அரை, முக்கால் நிமிடத்தில் கண் சொருகும். "கை எரியுது டாக்டர்" என்பதுதான் பலரும் கடைசியாகச் சொல்வது.

தெளிவதுதான் இதில் வேடிக்கை. ஒரே ஊசியோடு விட்டால் பத்து நிமிடத்துக்குள் விழித்துவிடுவார்கள். மருந்து அதற்குள் அழிந்திருக்காது. மூளையை விட்டுத் தசைக்கும் கொழுப்புக்கும் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பெரிய ஆபரேஷன் என்றால் பம்பு வைத்து ஏற்றிக்கொண்டே இருப்போம், அல்லது செவோஃப்ளுரேன் வாயுவுக்கு மாறுவோம்.

கேள்வி: ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஏழு மணிக்கு ஒரு வாய் காபி?

பதில்: கூடாது. பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். தண்ணீர், பால் விடாத கடுங்காப்பி என்றால் இரண்டு மணி நேரம். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறினால் நேராக நுரையீரலுக்குப் போகும். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிவைப்போம், திட்ட மாட்டோம்.

கேள்வி: முட்டை அலர்ஜி உள்ளவருக்குப் புரொபோஃபால்?

பதில்: அந்த அலர்ஜி பெரும்பாலும் வெள்ளைக்கருப் புரதத்தால் வருவது, லெசித்தின் மஞ்சள்கருவிலிருந்து எடுப்பது. பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் உங்கள் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அரை டம்ளர் டீ?

பதில்: காபிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: கெட்டமின் பேய்க்கனவு தரும் பழைய மருந்து. இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

பதில்: 1962-ல் உருவாகி, 1970-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. பழையதுதான், ஆனால் விட மனமில்லை. இது காபா பக்கம் அதிகம் போகாது. எதிர்ப்பக்கம், நரம்பைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கிறது. வலியையும் குறைக்கும். மூச்சைப் பெரும்பாலும் நிறுத்தாது. புரொபோஃபால் பிபியை இறக்கும் இடத்தில் இது ஏற்றும். நிறைய ரத்தம் இழந்து வருகிறவருக்கு என் கை முதலில் கெட்டமினுக்குத்தான் போகும். கனவுக்கு, பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலம் மருந்தைக் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

கேள்வி: நானும் மயக்க மருத்துவர்தான். ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குலைந்த நிலையில், கெட்டமின் கொடுத்தும் பிபி சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது பாதி உண்மை.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் பார்த்தால் கெட்டமினும் இதயத்தைத் தளர்த்துவதுதான். உடம்பிலுள்ள அட்ரினலின் வகையறாவைக் கிளப்பிவிட்டுத்தான் பிபியை ஏற்றுகிறது. பல மணி நேரம் போராடி அந்தக் கையிருப்பு தீர்ந்தவரிடம் கிளப்ப என்ன இருக்கிறது?

கேள்வி: அப்படியானால் உங்கள் கை ஏன் அதற்கே போகிறது?

பதில்: அளவைப் பாதியாக்கிக்கொண்டு போகிறது. ரத்தத்தை ஏற்றிக்கொண்டே கொடுப்பேன். புரொபோஃபாலை முழு அளவில் தள்ளுவதைவிட இது மேல். எட்டோமிடேட் என்ற இன்னொரு மயக்க ஊசியைச் சொல்வீர்கள், அது ஒரே ஊசியில் அட்ரீனல் சுரப்பியை அடக்கும் கதையைத் தனியாகப் பேசுவோம்.

கேள்வி: சார், மோர் குடிக்கலாமா?

பதில்: மோர் எதிலிருந்து வருகிறது?