கிளாட் எழுதாமல் சட்டக் கல்லூரியில் சேர முடியாதா? 312 மார்க் போதுமா?

கேட்டவர் உசிலம்பட்டிக்காரர். தமிழ் வழி, காமர்ஸ் குரூப், +2வில் 600க்கு 312. ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டார், வயது 20 ஆகப் போகிறது. மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தபோது, "கிளாட் எழுதினால்தான் எந்த லா காலேஜிலும் சீட்" என்று சொல்லி ஃபீஸ் கேட்டிருக்கிறார்கள். கூடவே, பத்தாவதோடு நின்று நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்த அவர் அண்ணன் மூன்று வருட எல்எல்பி சேர முடியுமா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, அந்த கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. +2 மார்க், இனச் சுழற்சி, கவுன்சிலிங், அவ்வளவுதான். கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. நம் பக்கத்தில் அப்படி இருப்பது திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள ஒன்றுதான். டெல்லியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேராமல் ஐலெட் என்று தனியாகத் தேர்வு வைக்கிறது.

இதே கதையை 2018ல் எனக்கும் ஒருவர் சொன்னார். நான் மேலூர். அப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டினார். அப்போதெல்லாம் கிளாட் மே மாதம் வரும், கம்ப்யூட்டரில் 200 கேள்வி. திருச்சிக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். வந்த ரேங்கை இன்றுவரை வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற பையன் கையில் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பார்த்தேன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கறுப்புக் கோட்டு போட்டிருக்க மாட்டேன்.

சரி, தகுதிக்கு வருவோம். நாடு முழுக்கச் சட்டப் படிப்புக்கு விதி போடும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருட சட்டக் கல்வி விதிகள்தான் அடிப்படை. ஐந்து வருடப் படிப்புக்கு +2வில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி, எஸ்டிக்கு 40. 600க்குக் கணக்குப் போட்டால் 270, 252, 240. கிளாட்டில் ஓபிசிக்குத் தனிச் சலுகை இல்லை, அவர்களுக்கும் 45தான். எஸ்சி, எஸ்டிக்கு 40. 269 எடுத்துவிட்டு "ரவுண்ட் பண்ணிக்குவாங்க" என்று நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். காமர்ஸா, சயின்ஸா என்ற கேள்வியே இல்லை. உங்கள் 312 என்பது 52 சதவீதம், ஆக கிளாட்டுக்கும் சரி, அரசுக் கல்லூரிக்கும் சரி, தகுதி இருக்கிறது. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி மட்டும் 70 சதவீதம் கேட்கும் (எஸ்சி, எஸ்டிக்கு 60). அதை மறந்துவிடுங்கள்.

வயதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். காரணம் இருக்கிறது. 2016ல் பார் கவுன்சில் ஐந்து வருடப் படிப்புக்கு 20, மூன்று வருடப் படிப்புக்கு 30 என்று வயது வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்தப் பழைய செய்தியைத்தான் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கிளாட்டுக்கு இப்போது வயது உச்சவரம்பு இல்லை.

தகுதி இருப்பது வேறு, சீட் கிடைப்பது வேறு. 312க்கு மதுரை கிடைப்பது கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேனியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறதே, உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆகும் தூரம்தான் தேனிக்கும். ராமநாதபுரத்திலும் இருக்கிறது. கவுன்சிலிங்கில் மதுரை ஒன்றை மட்டும் குறித்துவிட்டு உட்காராதீர்கள்.

கிளாட்டும் எழுதிப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. இப்போது டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். +2 படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதலாம், பாவம், அவர்களுக்கு அது அரையாண்டுப் பரீட்சை நேரம். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்புக்குக் கால் மார்க் போகும். கட்டணம் 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கு 3,500. தமிழில் கிடையாது. நானூற்றைம்பது வார்த்தை அளவுக்கு ஆங்கிலப் பத்தி கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். தமிழ் வழியில் படித்த நமக்கு 45 சதவீதம் ஒரு தடையே இல்லை, தடை இந்தப் பத்திதான். விண்ணப்பத்திலோ விதியிலோ இது எங்கேயும் தகுதி என்று எழுதியிருக்காது. பதிவு செய்தவர்களுக்குக் கிளாட்டை நடத்தும் கன்சார்ட்டியமே மாதிரித் தாள் தருகிறது, முதலில் அதில் ஒன்றை வாட்ச் வைத்து எழுதிப் பாருங்கள். கோச்சிங் தேவையா என்று அப்புறம் முடிவு பண்ணலாம்.

எழுதுவதாக இருந்தால் சான்றிதழ் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். உங்கள் பக்கம் நிறையப் பேர் கையில் டிஎன்சி (சீர்மரபினர்) சான்றிதழ் இருக்கும். பிசி, எம்பிசி, டிஎன்சி எல்லாம் நம் மாநிலக் கவுன்சிலிங்குக்கு. வெளிமாநிலத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓபிசி இடம் கேட்டால் மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதியானவர்கள் பிரிவில், வரவில்லை என்றும் அதில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டால் தாலுகா ஆபீஸ் வழியாக வரும். என் சித்தி மகன் பிசி சான்றிதழையே அப்லோட் செய்துவிட்டு, அவர்கள் திருப்பிக் கேட்டபோது மூன்று நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றான். இன்னொன்று: எஸ்சி குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தால் தமிழ்நாட்டில் பிசி என்றுதான் சான்றிதழ் வரும், அப்போது 40 சதவீதச் சலுகை பொருந்தாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இட ஒதுக்கீட்டு விதி வேறு வேறு, ஆகவே விருப்ப வரிசை கொடுக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்துடையதைப் படித்துவிடுங்கள்.

(45 இதோடு விடாது. 2023ல் படிப்பை முடித்து, வக்கீல் தொழில் செய்வதற்கான பார் கவுன்சில் தேர்வு எழுதினேன். அந்த முறைதான் பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் பாஸ் மார்க்கை 40 சதவீதத்திலிருந்து 45க்கு ஏற்றினார்கள்.)

அண்ணன் விஷயம் கொஞ்சம் சங்கடம். +2 இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் சட்டப் படிப்புக்குச் செல்லாது என்று அதே 2008 விதிகளில், ஐந்தாம் விதியின் விளக்கத்திலேயே இருக்கிறது. அஞ்சல் வழியில் டிகிரி வாங்கியது பிரச்சனை இல்லை, பத்து, +2, டிகிரி என்ற படி விட்டுப்போனதுதான் பிரச்சனை. +2 முடித்துவிட்டு காமராசர் பல்கலைக்கழகத்தில் தபாலில் பி.ஏ. படித்தவர்கள் எத்தனையோ பேர் ஒத்தக்கடையில் இருக்கும் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் வக்கீலாக இருக்கிறார்கள். அண்ணனுக்கு இருக்கும் வழி, தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ +2 முடித்துவிட்டு ஐந்து வருடப் படிப்புக்கு விண்ணப்பிப்பது. பி.ஏ. சர்டிபிகேட்டை வைத்து மூன்று வருட சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அந்த ஆளிடம் அண்ணனைத் தனியாக அனுப்பாதீர்கள்.