கடல் சாமந்தி தங்குமா, நகருமா? சேலத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கடலுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களின் கவலைகள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அனிமோன் என்று கடைகளில் விற்கப்படும், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான கடல் சாமந்தியைப் பற்றி மட்டும் இந்த முறை.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, சென்னை கொளத்தூரில் வாங்கிய குமிழ்முனை அனிமோன் தொட்டி முழுக்கச் சுற்றி வருகிறது. நல்ல பாறையாகப் பார்த்து வைத்தாலும் மறுநாள் காலையில் வேறெங்கோ இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் தொட்டிக்குள்ளிருந்து கையை எடுங்கள், தம்பி. உங்களுக்கு நல்ல பாறையாகத் தெரிவது அதற்கு நல்ல பாறை அல்ல. அதன் பாதம் இருட்டான, ஆழமான பொந்தில் பதிய வேண்டும்; கைகள், அதாவது வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகள், வெளிச்சத்துக்கு நீள வேண்டும்; ஆபத்து என்றால் முழு உடலையும் உள்ளே இழுத்துக்கொள்ள இடம் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமையும் இடத்தை அதுவேதான் தேடும். நீங்கள் பிடுங்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேடல் முதலிலிருந்து தொடங்குகிறது. பாதம் கிழிந்துவிட்டால் பிழைப்பது கடினம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பொந்துகள் உள்ள ஒரு பாறையை மற்ற பாறைகளிலிருந்து சற்றுத் தள்ளித் தனித் தீவாக வையுங்கள். அனிமோன் நகர்ந்தால் பவளங்களைக் கொட்டிக் கருக்கிவிடும். நடுவில் வெறும் மணல் இருந்தால் பெரும்பாலும் கடந்து வராது. அதைவிட முக்கியம் வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார். அனிமோன் இரவில்தான் அதிகம் நகரும், மோட்டாரின் வாயில் சிக்கினால் காலையில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஸ்பாஞ்சு உறையோ நெருக்கமான வலையோ போட்டு மூடுங்கள். சம்புக்கு, அதாவது கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்கு, நீர் வழியும் பல்வரிசை போன்ற திறப்பையும் மறக்க வேண்டாம். உறையில் அழுக்கு அடைத்தால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை அலசுங்கள்.

கண்ணாடியில் ஏறி விளக்கை நோக்கி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. பாறைக்கு அடியில் சுருண்டே கிடந்தால் வெளிச்சமோ நீரோட்டமோ அதிகம். புதிதாக வந்ததற்கு விளக்கைக் குறைவாக வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அதே மாணவர்: தொட்டி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. அது ஒரு காரணமா?

அதுதான் பெரிய காரணம். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஓடிய தொட்டிதான் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருப்பது மட்டும் போதாது, உப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட உப்புநீரின் அடர்த்தி) 1.025 அல்லது 1.026, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு) என்று வாரக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். வாங்கியாகிவிட்டதால், இனி நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும் மெதுவாகச் செய்யுங்கள்.

சூரமங்கலம்: ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடுகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் வசதி இல்லை, சார்.

25 முதல் 27 டிகிரிதான் பாதுகாப்பான அளவு. 31-இல் நாட்கணக்காக நின்றால், அனிமோனுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகள் வெளியேறி அது வெளுக்கத் தொடங்கும். சேலத்துக்கு ஒரு வசதி உண்டு: நம் கோடைக்காற்று வறண்டது. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசும் சிறிய மின்விசிறி இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடும்; கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் அந்த அளவுக்கு வேலை செய்யாது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். விளக்கைப் பகலில் அணைத்து, மாலையில் தொடங்கி இரவு வரை எரிய விடுங்கள்.

ஆனால் விசிறி போட்டால் நீர் வேகமாக ஆவியாகும். போவது நீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். எனவே தினமும் ஈடு செய்ய வேண்டியது நன்னீர்தான். உப்புக் கரைசலை ஊற்றி உப்படர்த்தியை ஏற்றிவிட்டு, அனிமோன் ஏன் சுருங்குகிறது என்று கேட்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகிறார்கள்.

கொண்டலாம்பட்டி: வீட்டு ஆர்.ஓ. நீரில் உப்புக் கலக்கலாமா? எங்களுக்கு ஆழ்துளைக் கிணறும் மேட்டூர்த் தண்ணீரும் மாறி மாறி வருகின்றன.

குடிப்பதற்கான இயந்திரங்களில் சுவைக்காகத் தாது உப்பு சேர்க்கும் குடுவையோ, வடிகட்டாத மூல நீரைச் சிறிது கலக்கும் திருகோ இருக்கும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. அந்தக் குடுவைக்கு முன்பே நீரைப் பிரித்தெடுத்து, மிச்சமுள்ள உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகு உப்புக் கலக்குங்கள். மூல நீர் மாறும் வீடுகளில் ரெசின் சீக்கிரம் தீரும். ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

ஏற்காடு: இங்கே குளிர் பிரச்சினை. மழைக்காலத்தில் மின்சாரமும் போய்விடுகிறது.

ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறிய ஹீட்டர்கள் போடுங்கள் ஐயா. ஒரே பெரிய ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டால் தொட்டியே வெந்துவிடும். அது எரியாமல் போனால் டிசம்பர் இரவில் தொட்டி குளிர்ந்துவிடும். உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வெப்பநிலையில் நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். எனவே நீர்ப்பரப்பு எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்கட்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரின் முதல் உரிமை வேவ்மேக்கருக்கு. அதோடு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் இருக்கட்டும். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது.

அழகாபுரம்: பால்வெள்ளை அனிமோன் மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க மிக அழகு, வாங்கலாமா?

வேண்டாம். அது வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும் உயிர். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியதோ என்றும் சந்தேகப்படுங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா, கைகள் ஒட்டுகின்றனவா, பாதம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது தொட்டியில் பிளந்து பெருகியதைச் சிறு கல்லோடு கொடுத்தால் அதுவே உத்தமம். கல்லோடு வந்தால் பாதத்தைப் பிடுங்கும் வேலையும் இல்லை.

அஸ்தம்பட்டி, இல்லத்தரசி: கோமாளி மீன் அனிமோன் பக்கமே போவதில்லையே! என் மகன் தினமும் கேட்கிறான்.

போகாவிட்டால் விட்டுவிடுங்கள் அம்மா. தொட்டியில் இருவருக்கும் ஒருவர் இல்லாமல் வாழ முடியும். ஒசிலாரிஸ் வகைக் கோமாளி, கடலில் குமிழ்முனை அனிமோனில் வாழ்வதே இல்லை. தொட்டியில் வேறு வழியின்றிப் பழகிக்கொள்கிறது. நம் கடற்கரையில் உள்ள செபே கோமாளியோ கம்பள அனிமோனை நாடும். சில மீன்களுக்கு அனிமோனோடு பழக மாதங்கள் ஆகின்றன. புதிதாக வந்த அனிமோனை மீன் ஓயாமல் உரசினால்தான் கவலை. அப்போது சில நாட்கள் தடுப்பு வையுங்கள்.

அதே வீட்டிலிருந்து: மகன் தொட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். கொட்டும் அணுக்கள் கையில் லேசாக ஒட்டுவதோடு போகலாம், ஒவ்வாமை உள்ளவருக்குத் தடிப்பும் வரலாம். அந்தக் கையைக் கண்ணில் வைத்தால் இன்னும் மோசம்.

ஜங்ஷன் பக்கம்: சுண்ணாம்புக் கரட்டிலிருந்து வெள்ளைக் கல் கொண்டுவந்து வைத்தால் காரத்தன்மை நிற்குமா?

நிற்காது. அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். தொட்டி நீரில் அநேகமாகக் கரையவே கரையாது. தவிர, அது கிடைக்கும் டியூனைட் பாறையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அவற்றை ஏன் கொடுக்க வேண்டும்?

குகை: திடீரென்று சுருங்கிப் பழுப்பு நிற நூல் போன்றதைத் துப்புகிறது. செத்துக்கொண்டிருக்கிறதா?

அது கழிவு. ஒரு நாளுக்குள் மறுபடி விரிந்தால் பிரச்சினையில்லை. வாய் பிளந்து உட்பகுதி பிதுங்கி, உடல் கூழாகி, அழுகிய நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இறந்த அனிமோன் ஒரே இரவில் தொட்டியையே கெடுக்கும். எடுத்ததும் நீரில் கால்பங்கை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

சீலநாயக்கன்பட்டி: எத்தனை முறை இரை போட வேண்டும்? எத்தனை வருடம் வாழும்?

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சுண்டுவிரல் நகத்தளவு இறால் துண்டு. பெரிதாகக் கொடுத்தால் விழுங்கிவிட்டு, அரைகுறையாகச் செரித்து வெளியே தள்ளும். ஆயுளுக்கு அதுவாக வரம்பு வைத்ததாகத் தெரியவில்லை. 1828-இல் ஸ்காட்லாந்துக் கரையில் சர் ஜான் டாலியெல் எடுத்த ஓர் அனிமோன், அவர் 1851-இல் இறந்த பிறகும் எடின்பரோவில் கண்ணாடிக் குடுவையில் வாழ்ந்து 1887-இல்தான் இறந்தது. அது குளிர்நீர் இனம், விளக்கோ மோட்டாரோ கேட்காதது.

செவ்வாய்ப்பேட்டை: மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். தாமிர மருந்து ஊற்றலாமா?

அனிமோன் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். அதே அறையில் கொசு மருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள்.